ஊதாப் பறவை வாசித்த ஓலை

2010 ஜூலை 5, திங்கள்

கணினி மறுபடியும் உறைந்துவிட்டது. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும்.

மூன்று அரட்டைச் செயலிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. மெல்போர்னில் இருக்கும் மகள் பியூலா யாஹூவில் வருகிறாள். மஸ்கட்டில் இருக்கும் மகன் ஜெபசிங்குக்கு அவன் அலுவலகத்தில் எம்.எஸ்.என். மட்டும்தான் அனுமதி. கல்லூரி நூற்றாண்டு மலருக்கான மெய்ப்புத் திருத்தம் கூகுள் டாக்கில் நடக்கிறது. மூன்றையும் திறந்தால் என் பழைய இயந்திரம் மூச்சு வாங்குகிறது. ஒன்றை மூடினால் அந்த ஆள் வந்து போனது தெரிவதில்லை.

கணினி இதழ் ஒன்றில் இதற்கு வழி போட்டிருந்தார்கள். எல்லாச் சேவைகளையும் ஒரே பட்டியலில் இணைக்கும் மென்பொருள் இருக்கிறதாம், அதுவும் இலவசமாக. அதன் அடையாளப் படம் ஊதா நிறத்தில் ஒரு பறவை. இறக்கி வைத்துவிட்டேன், இன்னும் நிறுவவில்லை. கையேட்டைப் படிக்காமல் ஒரு கருவியைத் தொடுவது சரியல்ல. முப்பத்தைந்து ஆண்டு தாவரவியல் மாணவர்களுக்கு நுண்ணோக்கியைப் பற்றி அதைத்தான் சொன்னேன். கையேட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வந்தேன். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, தினம் மதிய உணவுக்குப் பிறகு கொஞ்சம் படிப்பதாகத் திட்டம்.

சமையலுக்கு வரும் இசக்கியம்மாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எந்தப் பரீட்சைக்கு ஐயா படிக்கிய?" என்றாள்.

ஜூலை 7, புதன்

யாஹூ இணைந்துவிட்டது. "கணக்குகள்" என்ற இடத்தில் போய், "சேர்" என்பதை அழுத்தி, எந்தச் சேவை என்று தேர்ந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். முதலில் ஏற்கவில்லை. பெரிய எழுத்து விசை அழுந்தியிருந்தது. எடுத்துவிட்டதும் பியூலாவின் பெயர் தானாக வந்து நின்றது. யாரும் பக்கத்தில் இல்லை என்பதால் கைதட்டினேன்.

ஜூலை 8, வியாழன்

எம்.எஸ்.என். பிடிவாதம் பிடித்தது. பாதி நாள் போயிற்று. பெயர் என்று கேட்கும் இடத்தில் மின்னஞ்சல் முகவரியை முழுமையாகக் கொடுக்க வேண்டுமாம். கையேட்டில் அது தெளிவாகவே இருக்கிறது. நான்தான் அந்த வரியை அடிக்கோடிட்டுவிட்டு மறந்திருக்கிறேன்.

ஜூலை 9, வெள்ளி

கூகுளும் சேர்ந்தது. மூன்று சேவைகள், ஒரே பட்டியல். இயந்திரம் சத்தமில்லாமல் ஓடுகிறது. மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பெயர்களைக் குழுக்களாகப் பிரித்து வைக்கச் சொல்கிறது கையேடு. "குடும்பம்" என்ற குழுவில் பியூலா, ஜெபசிங். "மற்றவர்" என்ற குழுவில் பழைய சகாக்கள் நான்கைந்து பேர். மலருக்கு என்னோடு மெய்ப்பு பார்க்கும் ரூபிபாயை எதில் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் "நூற்றாண்டு மலர்" என்று தனியாக ஒரு குழு உண்டாக்கி அதில் போட்டேன். மலர்க் குழுவின் செயலர் எட்வின் ஞானதாஸ்தான். முறைப்படி அவரையும் அதில் போட்டிருக்க வேண்டும். அவரை "மற்றவர்" குழுவிலேயே விட்டிருக்கிறேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஜூலை 11, ஞாயிறு

பியூலாவுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஜெபசிங்கின் பெயரை இரண்டு முறை தட்டிவிட்டேன் போலிருக்கிறது. "சாம்பாரில் புளி கூடிவிட்டது" என்று அவளுக்கு எழுதியது அவனுக்குப் போய்விட்டது. மஸ்கட்டில் ஞாயிறு வேலை நாள். அவன் கூட்டம் ஒன்றில் இருந்தானாம், பெரிய திரையில் எல்லோரும் பார்த்தார்களாம்.

"பரவாயில்லப்பா" என்று எழுதினான். அவன் அவ்வளவுதான் எழுதுவான்.

குழுவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு முக்கோணத்தை அழுத்தினால் அந்தக் குழு சுருண்டு மூடிக்கொள்கிறது. "குடும்பம்", "மற்றவர்" இரண்டையும் மூடிவிட்டேன். அவர்கள் கூப்பிட்டால் பேசும் சாளரம் தானாகத் திறக்கும். நானாகத் தவறித் தட்டும் ஆபத்து இனி இல்லை.

ஜூலை 13, செவ்வாய்

பட்டியலின் அடியில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதி வைத்தால் அடுத்தவர் பட்டியலில் நம் பெயருக்குக் கீழே அது தெரியும். நிலைச் செய்தி என்கிறார்கள். கூகுளிலும் இந்த வசதி இருந்தது. கையேட்டில் இதற்கு ஒன்பதாம் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. நான் இப்போது மூன்றாம் பகுதியில் இருக்கிறேன். ஆனால் இது எனக்குப் பழக்கமான விஷயம் என்பதால் பகுதி வரும்வரை காத்திருக்கவில்லை.

ஒரு குறிப்புக்காக எழுதி வைக்கிறேன். ரூபிபாய் நாகர்கோவிலில் விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். செய்முறைத் தேர்வுகளுக்கு இருவரும் பல ஆண்டு போய் வந்திருக்கிறோம். மறைந்த என் மனைவி புஷ்பத்துக்கும் அவரைத் தெரிந்திருந்தது. அவர் கணவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. மலருக்காக இருவரும் மெய்ப்பு பார்க்கிறோம். நான் செய்தி அனுப்பினால் அவருடைய கணினியில் மணி ஒலிக்கும். நினைத்த நேரத்தில் ஒருவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவது போல எனக்குத் தோன்றும். அதனால் சொல்ல வேண்டியதை நிலைச் செய்தியில் எழுதி வைப்பேன். அவருக்குச் சௌகரியப்பட்டபோது பார்த்துக்கொள்வார். சிறிது நேரத்தில் அவருடைய வரி மாறும். இந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இன்று என் வரி: "இங்கே காற்று மட்டும்தான். அங்கே சாரலா?"

அவர் வரி: "சாரல்தான். குடை ஓட்டை."

ஜூலை 20, செவ்வாய்

நாகர்கோவிலிலிருந்து எட்வினின் உறவினர் ஒருவர் வழியாக ஒரு டப்பா வந்தது. உள்ளே முந்திரிக்கொத்து, கல்லாய் இறுகும் பயற்றுப் பலகாரம். உறையில் "மெய்ப்பு 4" என்று எழுதியிருந்தது. மெய்ப்பும் உள்ளே இருந்தது.

என் வரி: "முந்திரிக்கொத்து கிடைத்தது. கடிக்க முடிந்தது."

அவர் வரி: "கடிக்க முடியுமென்று தெரிந்துதான் அனுப்பினேன்."

ஜூலை 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எட்வின் தோளில் கை போட்டார்.

"என்னவே, பல்லு எல்லாம் உறுதியா இருக்காமே?"

"எதைச் சொல்லுதீரு?"

"முந்திரிக்கொத்தையே கடிச்சுட்டீராம்லா. எங்களுக்கெல்லாம் யாரும் கொடுத்து விட மாட்டேங்காவ."

உறவினர் டப்பாவைத் திறந்து பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அல்லது இசக்கியம்மாள் யாரிடமாவது சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்டேன். "எனக்கு வேற சோலி இல்ல பாருங்க" என்று பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

மாலையில் பியூலா, "அங்க இன்னும் காத்துதானாப்பா?" என்று கேட்டாள். வெளிநாட்டில் இருந்தும் பாளையங்கோட்டையின் ஆடிக் காற்றை அவள் மறக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 29, வியாழன்

ரூபிபாயின் வரி: "ஷீலா பூனாவுக்கே வந்துவிடச் சொல்கிறாள்."

ஷீலா அவருடைய தங்கை மகள்.

இது அவருடைய குடும்ப விஷயம். நான் நினைக்க இதில் எதுவும் இல்லை. கையேடு இன்று படிக்கவில்லை. மெய்ப்பில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பிழை ஏதும் கண்ணில் படவில்லை.

ஜூலை 30, வெள்ளி

என் வரி: "பூனாவில் குளிர் அதிகம் என்று கேள்வி."

அவர் வரி: "கம்பளி விற்கிற ஊர்தானே."

ஆகஸ்ட் 3, செவ்வாய்

நேற்றே வரி போட்டு வைத்துவிட்டேன்: "நாளைக் காலை ரயிலில் நாகர்கோவில்." காரணம் படங்களின் விளக்கக் குறிப்பு. அதைத் தொலைவிலிருந்தே முடித்திருக்கலாம். ஆனால் நேரில் பார்ப்பது துல்லியமாக இருக்கும்.

ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்றில் ஈரம். அவர் வீட்டு முன்னறையில் புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள் பாதி போயிருந்தன. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

"சும்மா அடுக்கிப் பாக்கேன் சார். எத்தன பெட்டி வரும்னு தெரியணும்லா."

"முடிவாகிவிட்டதா?"

"செப்டம்பர் பத்தாம் தேதிக்குள்ள சொல்லணுமாம். வீட்ட வாங்கதுக்கு ஒரு ஆளு நிக்கு. அப்புறம் அந்த ஆளு நிக்காதாம்."

நான் முப்பத்தேழாம் பக்கத்துப் படத்தில் இருப்பது மாணவர் விடுதியா, பழைய நூலகமா என்று கேட்டேன். விடுதி என்றார். குறித்துக்கொண்டேன். பிறகு ஆப்பமும் கடலையும் சாப்பிட்டோம். இரண்டாவது ஆப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "நீங்க என்ன சொல்லுதிய சார்?"

"எதைப் பற்றி?"

"விடுதியா நூலகமான்னு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ரயிலில் பதில்கள் வரிசையாக வந்தன. எல்லாமே நல்ல பதில்கள். கேட்க ஆள் இல்லை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

ஜெபசிங் வந்தான்.

"நாகர்கோவில் ரயில்ல கூட்டமாப்பா?"

"உட்கார இடம் கிடைத்தது."

"சரிப்பா."

பிறகு அவன் போய்விட்டான். நான் போகப்போவதை எப்போதோ அவனிடம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. இப்போதெல்லாம் எதை யாரிடம் சொன்னேன் என்று நினைவிருப்பதில்லை. இதை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜெபசிங்கைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. அவன் அம்மா பிள்ளை. புஷ்பம் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, அவள் நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி அவனே எழுந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டான். அந்த நாற்காலி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

கொடியேற்றிவிட்டு ஆராதனைக்குப் போனோம். இரண்டு கல்யாணங்களுக்கு ஓலை வாசித்தார்கள். ஒன்றுக்கு முதல் ஓலை, மற்றதற்கு மூன்றாம் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை சொல்ல விரும்புகிறவர்கள் தெரிவிக்கலாம் என்று குருவானவர் வாசித்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். மூன்று ஞாயிறு அப்படி நிறுத்துவார். சிறு வயதிலிருந்து கேட்டுவருகிறேன். இன்று அந்த ஒரு கணம் எனக்கு மிக நீளமாக இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் அந்தச் சிறு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன். எழுதியதை அப்படியே இங்கே குறித்து வைக்கிறேன்:

"ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்."

கணினியை அணைக்காமல் முற்றத்தில் போய் நின்றேன். பவழமல்லியில் முதல் மொட்டுகள்.

திரும்பி வந்தபோது அவர் வரி மாறியிருந்தது: "கேளுங்கள். பத்தாம் தேதி நினைவிருக்கட்டும்."

ஆகஸ்ட் 16, திங்கள்

பொரியல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேனாம். இசக்கியம்மாள் சொன்னாள்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

இன்று பியூலாவிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன். அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தாள்.

"அப்புறம் அப்பா, என்ன விசேஷம்?"

பிராட்பேண்ட் வேகம் குறைந்திருப்பதைப் பற்றி எழுதினேன்.

"சரி. வேற?"

மலரின் அட்டைப்படம் இன்னும் முடிவாகவில்லை என்று எழுதினேன்.

"வேற ஏதாவது சொல்லணுமாப்பா?"

சுண்டைக்காய் வற்றல் அனுப்பட்டுமா என்று கேட்டேன். ஆஸ்திரேலியாவில் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள் என்று எத்தனையோ முறை அவள் சொல்லியிருக்கிறாள். "அனுப்புங்கப்பா" என்று எழுதினாள். ஒரு சிரிப்பு முகமும் போட்டாள்.

எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று மகரந்தச் சேர்க்கையைப் பற்றிக் கூசாமல் பேசிய வாய்தான் இது.

ஆகஸ்ட் 26, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. கையேட்டில் எட்டாம் பகுதி முடிந்தது: ஒலிகளை மாற்றுவது எப்படி.

ஆகஸ்ட் 27, வெள்ளி

ஒன்பதாம் பகுதி: நிலைச் செய்தி. இரண்டாவது பத்தியில் இருக்கிறது. மொழிபெயர்த்து எழுதுகிறேன்: "பட்டியலின் அடியில் உள்ள பெட்டியில் எழுதுவது, இணைக்கப்பட்டுள்ள எல்லாக் கணக்குகளிலும் ஒரே சமயத்தில் வெளியாகும். ஒரு கணக்கில் மட்டும் வெளியாக வேண்டுமானால் தனியே அமைத்துக்கொள்ள வேண்டும்."

மூன்று முறை படித்தேன். பென்சிலால் அடிக்கோடிட்டேன். பிறகு அதன் பொருள் புரிந்தது.

எல்லாக் கணக்குகளிலும். யாஹூவிலும், எம்.எஸ்.என்.னிலும். காற்று. முந்திரிக்கொத்து. பூனாக் குளிர். நாகர்கோவில் ரயில். எட்வின் யாஹூவில்தான் இருக்கிறார். பியூலாவும். மஸ்கட்டில், அலுவலகக் கணினியில், என் மகனின் பட்டியலில் என் பெயருக்குக் கீழே பன்னிரண்டு நாளாக நிற்கும் வரி: ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

வரியை அழித்தேன். கணினியை அணைத்தேன். மின்சார இணைப்பையும் பிடுங்கிவிட்டேன்.

வரிசையாகப் படித்ததால் வந்த வினை. ஒன்பதாம் பகுதியை முதலில் படித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, சனி

கணினியின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

"பொட்டிக்கு யாரு ஐயா செத்தா? வேட்டியப் போத்தி வச்சிருக்கிய!" என்றாள் இசக்கியம்மாள்.

"பழுது" என்றேன்.

"பொட்டி பழுதுன்னா நீங்க ஏன் சாப்பிட மாட்டேங்கிய? வச்ச சோறு வச்சபடியே இருக்கு. என் சமையலு நல்லா இல்லன்னா நேரா சொல்லுங்க."

"சமையலுக்கு ஒன்றும் இல்லை."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். "நேத்து மெல்போனு அக்கா எனக்குப் போன் போட்டாவ. அப்பாவ அந்தப் பொட்டியில பச்ச வெளக்கே காணோமே, உடம்புக்கு முடியலியான்னு கேட்டாவ. நா என்னத்தச் சொல்ல? உங்க அப்பா பொட்டியப் பாத்துப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்காவன்னு சொல்லவா?"

"அப்படிச் சொல்லாதே."

"சொல்லிட்டேன்."

செப்டம்பர் 2, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் வேட்டியை எடுத்தேன். ரூபிபாய்க்கு ஒரு வாரமாக ஒரு வரியும் இல்லை. பத்தாம் தேதி நெருங்குகிறது. அவர் என்ன நினைத்திருப்பார் என்ற எண்ணம், பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள் என்ற எண்ணத்தைவிடப் பெரிதாகிவிட்டது. கணினியைப் போட்டேன். கணக்குகள் ஒவ்வொன்றாக இணைந்தன.

அவர் வரி: "பெட்டிகள் பதினான்கு. இன்னும் ஒட்டவில்லை."

"குடும்பம்" மூடியே இருந்தது. ஜூலையில் மூடியது. அந்த முக்கோணத்தின் மேல் அம்பை வைத்தேன். அவர்கள் பட்டியலில் என் வரி தெரியுமென்றால், என் பட்டியலில் அவர்கள் வரியும் தெரியத்தானே வேண்டும்? இத்தனை நாளில் இது எனக்குத் தோன்றவே இல்லை. அழுத்தினேன்.

பியூலாவின் பெயருக்குக் கீழே: "முதல் ஓலை கேட்டாச்சு. ரெண்டாவது எப்போ வாசிப்பீங்க அப்பா?"

ஜெபசிங்கின் பெயருக்குக் கீழே இரண்டே சொல்: "தடை இல்லை."

இசக்கியம்மாள் காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, திரையையும் என்னையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள். அவள் எதுவும் கேட்காமல் போனது இதுவே முதல் முறை.

பிறகு பியூலாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்ததும் சிரித்தாள்.

"பெட்டியத் திறந்துட்டீங்களா?"

"எப்போதிலிருந்து தெரியும்?"

"மழையப் பத்தி நீங்க யாருக்கோ கவலப்பட ஆரம்பிச்சதுல இருந்து. சாரலா, சாரலான்னு கேட்டா, மெல்போர்ன்ல இருக்கவ நான் என்ன பதில் சொல்ல? அப்புறம் முந்திரிக்கொத்து வந்துச்சு. நாகர்கோவில் ரயிலும் வந்துச்சு. நானும் ஜெபாவும் ஒவ்வொரு வரிக்கும் போன் போட்டுப் பேசிக்கிட்டோம்."

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"நாங்களாக் கேட்டா நீங்க கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்ல வச்சிருவீங்கன்னு தெரியாதாப்பா? போன வாரம் அதத்தானே செஞ்சீங்க. நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தா சுண்டைக்காய் வத்தலப் பத்திப் பேசுறீங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, "ஜெபா?" என்றேன்.

"அத அவன்கிட்டயே கேளுங்க."

ஜெபசிங்கிடம் தொலைபேசியில் நானாக அழைத்துப் பேசிப் பல மாதம் ஆகிறது. எடுத்தான்.

"பார்த்தேன்" என்றேன்.

"சரிப்பா."

"உனக்கு வருத்தம் இருந்தால்..."

"நான்தான் அன்னைக்கே கேட்டேனேப்பா. நாகர்கோவில் ரயில்ல கூட்டமான்னு. அதுக்கு மேல எனக்குக் கேக்கத் தெரியல." பிறகு சொன்னான்: "அந்த நாற்காலி எனக்குப் பழகிடுச்சு. நான் வரும்போது அதுல நான் உக்காந்துக்கறேன். ஆன்ட்டிக்கு நல்லதா வேற ஒண்ணு வாங்கிப் போடுங்க."

ஆன்ட்டி என்றான். நான் சரி என்றேன். அவன் யாருடைய பிள்ளை என்பது எனக்கு இன்றுதான் சரியாகப் புரிந்தது.

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3, வெள்ளி

இது நிலைச் செய்தியில் எழுதக்கூடிய விஷயம் அல்ல என்று முடிவு செய்தேன். மணி ஒலிக்கட்டும். ரூபிபாயின் பெயரை இரண்டு முறை தட்டினேன். இந்த முறை தவறித் தட்டவில்லை.

"வணக்கம். பூனாவுக்குப் போக வேண்டாம். இங்கே வந்துவிட முடியுமா? முறைப்படி, ஓலை வாசித்து. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சரியாகச் சொன்னால், அவர்கள்தான் என்னிடம் சொன்னார்கள்."

அனுப்பிய பிறகு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"ரூபிபாய் தட்டச்சு செய்கிறார்" என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு:

"மெதுவாத்தான் வருவிய, ஆனா வந்துருவியன்னு நெனச்சேன். சரி சார்."

நம் வரிகளை எல்லோரும் படித்திருக்கிறார்கள், தெரியாமல் நடந்த தவறு, மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். காரணத்தையும் கணக்குகள் இணைந்திருக்கும் விதத்தையும் விளக்கினேன்.

"என் வரிய ஷீலாவும் பாக்காளே. பூனாவுல இருந்துட்டு தெனமும் பாக்கா" என்று பதில் வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். தெரியட்டும்னுதான் போட்டேன். பத்தாம் தேதின்னு நீங்க பயந்தியல்லா? அத அவ ரெண்டு வாரம் முன்னாலயே தள்ளி வச்சிட்டா. அவரு என்ன கேக்கப்போறாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க பெரியம்மான்னா."

"என்னிடம் சொல்லவில்லையே!"

"சொன்னா நீங்க அடுத்த வருசம்தான் கேப்பிய."

செப்டம்பர் 5, ஞாயிறு

எட்வினிடம் நானே போய்ச் சொன்னேன். "மூணு ஓலையையும் நான் வீட்ல இருந்தே கேட்டாச்சுவே. இனி கோயில்ல வாசிக்கது நாலாவது" என்று சொல்லி என் முதுகில் அடித்தார். வலித்தது. குருவானவரைப் பார்த்து நாள் கேட்டோம். அடுத்த ஞாயிறு முதல் ஓலை, இங்கும் நாகர்கோவிலிலும்.

இசக்கியம்மாளிடம் சொன்னபோது, "அந்தம்மா மீனு ஆக்குவாவளா, இல்ல நாந்தான் ஆக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

மாலையில் கணினியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒரு பெயரை ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு மாற்ற, அதன் மேல் அழுத்திப் பிடித்து இழுத்துப் போய் விட வேண்டும் என்று நான்காம் பகுதியில் இருக்கிறது. ரூபிபாயின் பெயரைப் பிடித்து இழுத்தேன். வழியில் நழுவி எட்வினோடு "மற்றவர்" குழுவில் விழுந்துவிட்டது. பதறிப்போய் எடுத்தேன். இரண்டாம் முறை நிதானமாகக் கொண்டுபோய், பியூலாவுக்கும் ஜெபசிங்குக்கும் நடுவில் விட்டேன். தங்கியது. "நூற்றாண்டு மலர்" குழுவில் இனி ஆள் இல்லை என்று அதைப் பட்டியல் தானே மறைத்துவிட்டது.

அடிப்பெட்டி ஒரு வாரமாகக் காலியாக இருந்தது. எங்கெங்கே போகும் என்று இப்போது தெரியும். தெரிந்தே எழுதினேன்:

"பவழமல்லி பூத்துவிட்டது. எல்லோரும் வந்து பார்க்கலாம்."

"குடும்பம்" குழுவை மூடவில்லை.